'சாதாரண கட்டிதான்' என்று மறந்து விடலாமா? சினைப்பை கட்டி அபூர்வமாக புற்றுநோய் ஆவது எப்படி? - முழு விவரம்

தேங்காய்த்திட்டு:

வயிற்றில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால் நம் வீடுகளில் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, "கேன்சரா இருக்குமோ" என்று குடும்பமே ஆடிப்போய் விடும். இன்னொன்று, "சாதாரண கட்டிதானாம், டாக்டரே சொல்லிட்டாங்க" என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்து பூட்டிவிட்டு மறுநாள் வேலைக்கு கிளம்பி விடுவார்கள்.

இரண்டுமே சரியில்லை. பெண்களின் சினைப்பையில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்து இல்லாதவை. ஆனால் அந்த ஆபத்து இல்லாத கட்டியிலேயே நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ, பல வருடம் கழித்து புற்றுநோய் உண்டாவது உண்டு. அபூர்வம்தான். ஆனால் அந்த ஒருவர் நம் அக்காவாகவோ அம்மாவாகவோ இருந்தால்?

தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகத்துக்கு விடியற்காலையில் கூடையோடு போகும் பெண்களுக்கும், வீட்டு வேலை, கடை வேலை என்று டவுனுக்கு ஓடும் பெண்களுக்கும் அடிவயிறு கனத்தால் முதலில் தோன்றுவது "வாய்வு". ஓமத்தண்ணி குடிப்பார்கள், பெருங்காயம் கரைத்து குடிப்பார்கள், மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கி போடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு போனால் ஒரு நாள் கூலி போகும் என்ற கணக்கு வேறு. அவர்களுக்கும், ஏற்கனவே ரிப்போர்ட் கையில் இருப்பவர்களுக்கும் உதவும் விவரம் வருமாறு:-

சினைப்பை என்பது எது?

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக பாதாம் பருப்பு வடிவில் இருப்பது சினைப்பை. சூலகம் என்றும் சொல்வார்கள். சுமார் 3 முதல் 4 செ.மீ. நீளம்தான் இருக்கும். மாதா மாதம் கருமுட்டை வருவது இங்கிருந்துதான்.

கர்ப்பப்பை கட்டி வேறு, சினைப்பை கட்டி வேறு. நம் ஊரில் இரண்டையும் சேர்த்து "கர்ப்பப்பையில கட்டி" என்றே சொல்லி விடுகிறோம். "எந்த இடத்தில் கட்டி, என்ன வகை கட்டி" என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சினைப்பையில் வரும் நீர்க்கட்டிகள் பல, மாதவிலக்கு சுழற்சியை ஒட்டி வருபவை. இவை இரண்டு, மூன்று மாதத்தில் தானாகவே கரைந்து விடும். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு சின்ன நீர்க்கட்டி என்றால் "மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர்கள் சொல்வது இதற்காகத்தான்.

பல், முடி இருக்கும் கட்டி

கரையாத கட்டிகளில் முக்கியமானது 'டெர்மாய்டு' கட்டி. இளம்பெண்களுக்கு அதிகம் வரும். சினைப்பை கட்டிகளில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இந்த வகைதான். சுமார் 10 பேரில் ஒருவருக்கு இரண்டு பக்க சினைப்பையிலும் இருக்கும்.

ஆபரேஷன் செய்து இந்த கட்டியை திறந்தால் உள்ளே முடி, கொழுப்பு, சில சமயம் பல், எலும்புத்துண்டு கூட இருக்கும். இதை கேட்டு மிரண்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஜெர்மனி மருத்துவ மேதை விர்ச்சோ 1863-ல் இதற்கு 'டெரட்டோமா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் பூதம், அசுரம் என்ற பொருள் தரும் சொல்லில் இருந்து வந்த பெயர் இது.

ஆனால் இதில் பூதமும் இல்லை, செய்வினையும் இல்லை. கருமுட்டையாக வேண்டிய செல்லுக்கு உடம்பின் எந்த உறுப்பாகவும் வளரும் சக்தி உண்டு. அந்த செல் தானாகவே பெருக ஆரம்பித்தால் தோல், முடி, பல் என்று கலந்து கட்டியாக வளர்ந்து விடுகிறது. அவ்வளவுதான்.

கெட்ட பெயர் கட்டாதீர்கள்

இங்கே ஒன்றை அழுத்தி சொல்ல வேண்டும். "கல்யாணம் ஆகாத பொண்ணு வயித்துல பல்லும் முடியுமா?" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பும் என்பதற்காகவே கட்டியை மறைக்கும் குடும்பங்கள் உண்டு.

இது கர்ப்பம் அல்ல. பாதியில் நின்றுபோன குழந்தையும் அல்ல. ஆண் சம்பந்தம் இல்லாமல், அந்த பெண்ணின் சொந்த செல்லில் இருந்தே வளர்வது. பத்து வயது சிறுமிக்கும் வரும், பாட்டிக்கும் இருக்கும். வாழ்க்கையில் எந்த தவறும் இதற்கு காரணம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுக்கு பயந்து ஸ்கேனை தள்ளி போடுவதுதான் தவறு.

நூற்றில் ஒருவர், இருவர்

டெர்மாய்டு கட்டி மெதுவாக வளரும். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு சராசரியாக வருஷத்துக்கு 2 மில்லி மீட்டர் கூட வளர்வது இல்லை. அதனால்தான் 25 வயதில் இருக்கும் கட்டி 50 வயது வரைக்கும் சத்தம் காட்டாமல் இருக்க முடிகிறது.

இப்படி இருக்கும் கட்டிகளில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை புற்றுநோய் உண்டாவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அப்படி வருவதில் 80 சதவீதம் 'ஸ்குவாமஸ்' என்ற வகை. அதாவது தோலில் வரும் வகை புற்றுநோய். கட்டியின் உட்புறத்தில் தோல் இருக்கிறது அல்லவா, அந்த தோலில்தான் இது ஆரம்பிக்கிறது. மற்றவர்களுக்கு வெளியே வரும் நோய், இவர்களுக்கு வயிற்றுக்குள் யார் கண்ணிலும் படாமல் வருகிறது.

யாருக்கு சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு இது:-

* வயது 45-ஐ தாண்டியவர்கள், குறிப்பாக மாதவிலக்கு நின்றவர்கள்.

* கட்டியின் அளவு 10 செ.மீ.க்கு மேல் இருப்பவர்கள்.

* ரொம்ப நாள் அமைதியாக இருந்த கட்டி திடீரென்று வேகமாக வளர்வது.

* ஸ்கேனில் கட்டிக்குள் ரத்த ஓட்டத்தோடு கெட்டியான சதை தெரிவது. அது சுவரை தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் இன்னும் உஷார்.

இதில் ஒன்று இருந்தாலே புற்றுநோய் என்று முடிவு கட்டக்கூடாது. கூடுதலாக பரிசோதனை செய்ய வேண்டும் என்று மட்டும்தான் அர்த்தம்.

தைராய்டு, சாக்லெட் கட்டி

டெர்மாய்டு வகையிலேயே இன்னொரு விசித்திரம் உண்டு. சில பெண்களுக்கு அந்த கட்டி முழுவதும் தைராய்டு சதையாகவே இருக்கும். கழுத்தில் இருக்க வேண்டிய சுரப்பியின் சதை அடிவயிற்றில்! இதில் சிலருக்கு படபடப்பு, எடை குறைவது போன்ற தைராய்டு தொல்லைகளும் வரும். அபூர்வமாக அதில் தைராய்டு புற்றுநோயே உண்டாகும். அதற்கு தைராய்டு புற்றுநோய்க்கு தரும் கதிரியக்க அயோடின் சிகிச்சையை சிலருக்கு தருகிறார்கள்.

அடுத்தது 'சாக்லெட்' கட்டி. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற சதை சினைப்பையில் ஒட்டிக்கொண்டு, மாதா மாதம் அங்கேயே ரத்தம் கசிந்து தேங்கும். பழைய ரத்தம் சாக்லெட் கூழ் மாதிரி இருப்பதால் இந்த பெயர். மாதவிலக்கு நேரத்தில் தாங்க முடியாத வலி, குழந்தை தங்காதது ஆகியவை இதன் அறிகுறிகள். இந்த கட்டியிலும் நூற்றில் சுமார் ஒருவருக்கு புற்றுநோய் வரலாம். அமெரிக்க டாக்டர் சாம்ப்சன் 1925-லேயே இதை பற்றி எழுதி இருக்கிறார்.

மூன்றாவது, சளி போன்ற திரவம் நிறைந்த கட்டி. இது பானை அளவுக்கு கூட பெருக்கும். இதில் சில கட்டிகள் சாதாரணம், இடைநிலை, புற்றுநோய் என்று படிப்படியாக மாறும். ஒரே கட்டியில் ஒரு ஓரம் சாதாரணமாகவும் இன்னொரு ஓரம் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால் கட்டி முழுவதையும் பரிசோதிப்பது அவசியம்.

எப்போது ஆஸ்பத்திரி போக வேண்டும்?

வயிறு உப்பலாகவே இருப்பது, அடிவயிற்றில் வலி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி அவசரமாக சிறுநீர் வருவது ஆகிய நான்கும் கவனிக்க வேண்டியவை. எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். ஆனால் புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் வாய்வு என்று விடக்கூடாது. டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும்.

கட்டி இருப்பது தெரிந்த பெண்ணுக்கு திடீரென்று ஒரு பக்கம் பயங்கர வலியும் வாந்தியும் வந்தால் கட்டி முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். இது புற்றுநோய் அல்ல. ஆனால் ரத்த ஓட்டம் நின்று சினைப்பையே அழுகிப்போகும் ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே அவசர சிகிச்சை பிரிவுக்கு போக வேண்டும்.

என்னென்ன டெஸ்ட்?

முதல் டெஸ்ட் ஸ்கேன்தான். டெர்மாய்டு கட்டியை பெரும்பாலும் சாதாரண அல்ட்ராசவுண்டு ஸ்கேனிலேயே கண்டுபிடித்து விடலாம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் எழுதுவார்கள். கல்யாணம் ஆகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுக்கலாம். இதற்கு கூச்சப்பட வேண்டியதில்லை.

ரத்தத்தில் 'சி.ஏ.-125' என்ற டெஸ்ட் எடுப்பார்கள். டெர்மாய்டில் சந்தேகம் என்றால் 'எஸ்.சி.சி.' என்ற டெஸ்டும் உண்டு. இளம்பெண்கள் என்றால் ஏ.எப்.பி., எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகியவையும் பார்ப்பார்கள்.

சி.ஏ.-125 கூடுதலாக இருந்தால் உடனே அழ வேண்டாம். சாக்லெட் கட்டி, மாதவிலக்கு நேரம், வயிற்று டி.பி. இவற்றிலும் அது ஏறும். வயிற்றில் டி.பி. வந்து நீர் கோர்த்தால் பார்ப்பதற்கு சினைப்பை புற்றுநோய் மாதிரியே இருக்கும். நம் நாட்டில் டி.பி. அதிகம் என்பதால் டாக்டர்கள் இதையும் மனதில் வைத்தே பார்ப்பார்கள்.

அதேபோல, எந்த தொல்லையும் இல்லாத பெண்கள் எல்லோரும் வருஷா வருஷம் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. ஆண்டுதோறும் இப்படி பரிசோதித்ததால் சினைப்பை புற்றுநோய் சாவு குறையவில்லை என்று அதில் தெரிய வந்தது. எனவே 'பேக்கேஜ்' என்று யாராவது விற்றால் யோசித்து காசை செலவு செய்யுங்கள். தொல்லை இருப்பவர்களும், கட்டி இருப்பவர்களும் டாக்டர் சொல்லும் டெஸ்டை தவறாமல் எடுத்தால் போதும்.

ஊசி குத்தி நீர் எடுக்கலாமா?

"ஆபரேஷன் வேண்டாம், ஊசி போட்டு தண்ணிய உறிஞ்சிட்டா போதும்" என்ற யோசனை பலருக்கு வரும். புற்றுநோய் சந்தேகம் உள்ள கட்டியில் இது கூடவே கூடாது. கட்டிக்குள் புற்றுநோய் செல் இருந்தால் வயிறு முழுக்க சிந்தி விடும்.

ஆபரேஷன் நடக்கும்போதே கட்டி உடைந்தாலும் இதே பிரச்சினைதான். 2014-ல் வந்த சர்வதேச விதிப்படி, சினைப்பைக்குள் மட்டும் இருந்த புற்றுநோய் கட்டி ஆபரேஷனில் உடைந்தாலே நோயின் நிலை 1ஏ-யில் இருந்து 1சி-க்கு ஏறி விடுகிறது. அதனால் சந்தேகம் இருந்தால் கட்டியை உடைக்காமல் முழுசாக எடுப்பார்கள். லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் என்றால் கட்டியை வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டு வெளியே எடுப்பது வழக்கம். புற்றுநோய் சந்தேகம் உள்ளவர்கள் பெண்கள் புற்றுநோய்க்கென்றே தனி பயிற்சி பெற்ற டாக்டரிடம் போவது நல்லது.

சரி, கட்டி இருக்கும் எல்லோருக்கும் ஆபரேஷனா? இல்லை. சின்ன டெர்மாய்டு கட்டி, தொல்லை இல்லை என்றால் ஸ்கேன் எடுத்து கண்காணித்தால் போதும். 5 செ.மீ.க்கு மேல் போனாலோ, வலி இருந்தாலோதான் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு வரும். இளம்பெண்களுக்கு சினைப்பையை வைத்துவிட்டு கட்டியை மட்டும் எடுப்பார்கள். குழந்தை பெற அது தடை இல்லை. கர்ப்ப கால ஸ்கேனில் கட்டி தெரிந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் கண்காணிப்பார்கள், தேவைப்பட்டால் நடு மாதங்களில் ஆபரேஷன் செய்வார்கள்.

பயாப்சி ரிசல்ட் வாங்கினீங்களா?

இந்த செய்தியில் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

டெர்மாய்டு கட்டிக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன்பு தெரியாமல் போவதுதான் அதிகம். சாதாரண கட்டி என்று நினைத்து எடுத்து, அதை பயாப்சிக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிய வரும். அந்த ரிசல்ட் வர பல நாள் ஆகும். அதற்குள் பெண் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து விடுவாள். தையல் பிரித்தாச்சு, வலி போச்சு, கட்டியும் போச்சு என்று குடும்பம் நிம்மதி ஆகிவிடும். ரிசல்ட் பேப்பர் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கும்.

அந்த பேப்பரில் 'புற்றுநோய் இல்லை' என்று இருந்தால் நிம்மதி. இருந்தால், அடுத்த சில வாரங்கள்தான் உயிரை காப்பாற்றும் நேரம்.

ஏன் அவசரம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டெர்மாய்டு கட்டியில் ஸ்குவாமஸ் புற்றுநோய் வந்த 277 பெண்களின் விவரங்களை திரட்டி 2008-ல் 'லான்செட் ஆங்காலஜி' பத்திரிகையில் ஒரு ஆய்வு வெளியானது. நோய் சினைப்பையோடு நின்ற முதல் நிலையில் 4 பேரில் 3 பேர் 5 வருடம் தாண்டி உயிரோடு இருந்தனர். பக்கத்து உறுப்புகளுக்கு பரவிய இரண்டாம் நிலையில் 3 பேரில் ஒருவர். மூன்றாம் நிலையில் 5 பேரில் ஒருவர். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் எவ்வளவு பெரிய பள்ளம் என்று பாருங்கள்.

எனவே ஆபரேஷன் செய்த நாளிலேயே இந்த மூன்றையும் கேளுங்கள்: கட்டியை பயாப்சிக்கு அனுப்பியாச்சா? ரிசல்ட் என்னைக்கு வரும்? எந்த அறையில் வாங்கணும்? பதிலை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் இப்படி கேட்பது மரியாதை குறைவு அல்ல.

சிகிச்சை என்ன?

வயதானவர்களுக்கு கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு திரை ஆகியவற்றை எடுப்பது வழக்கம். குழந்தை வேண்டும் என்கிற இளம்பெண்ணுக்கு நோய் ஒரு பக்க சினைப்பைக்குள்ளேயே இருந்தால், அந்த பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு கண்காணிக்கவும் வழி உண்டு. நோய் பரவி இருந்தால் ஆபரேஷனுக்கு பிறகு கீமோதெரபி தருவார்கள். கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் மருந்துகள் அதிகம் பயன்படுகின்றன. சிலருக்கு கதிர்வீச்சும் சேர்ப்பார்கள்.

இந்த வகை அபூர்வம் என்பதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி சிகிச்சை கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு கொடுத்த மருந்து நமக்கு ஏன் கொடுக்கவில்லை என்று குழம்ப வேண்டாம்.

எல்லா வகை சினைப்பை புற்றுநோயும் சேர்த்து 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சத்து 24 ஆயிரம் பெண்களுக்கு புதிதாக வந்ததாக சர்வதேச கணக்கு சொல்கிறது. இதில் இந்தியாவில் மட்டும் சுமார் 47 ஆயிரம் பேர். டெர்மாய்டில் இருந்து வருவது இதில் மிகச் சின்ன பங்குதான்.

புதுவையில் எங்கே போவது?

இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ்காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. முதல் பரிசோதனைக்கு அங்கே போகலாம். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கேயே மண்டல புற்றுநோய் மையமும் செயல்படுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் புதுவையில் தொடங்கிய மருத்துவ பள்ளிதான் ஜிப்மருக்கு வேர். 1964-ல் ஜிப்மர் என்ற பெயர் வந்தது. 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. பல மாவட்டங்களில் இருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து ஜிப்மர் வாசலில் விடியலுக்கு காத்திருக்கிறார்கள். தேங்காய்த்திட்டில் இருந்து நமக்கு அது ஊரின் இந்த கோடியில் இருந்து அந்த கோடி, அவ்வளவுதான்.

சென்னை பக்கம் போக வேண்டி வந்தால் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது. 2021-ல் காலமான டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே அங்கு செலவழித்தவர்.

போகும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். பத்து வருடம் முந்தியதாக இருந்தாலும் தூக்கி போடாதீர்கள். கட்டி அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதை வைத்துத்தான் டாக்டர் வேகத்தை கணக்கிடுவார். ஆதார், ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டு பீரோவில் 'டெர்மாய்டு' அல்லது 'சாக்லெட்' என்று எழுதிய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா? கடைசி ஸ்கேன் எந்த வருடம் என்று எடுத்து பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே டாக்டரை பார்த்து, மறு ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்தவர்கள், பயாப்சி ரிசல்ட் வாங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி சீட்டோடு போய் கேட்டு வாங்குங்கள். நூற்றில் 98 பேருக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருக்கும்.